மறுகரைக்குப் போகும் நூல்கள்

"திட்டம் நல்லதுதான், ஆனால் லொஜிஸ்டிக்கலி சாத்தியப்படாது" என்று இன்று மாலை மட்டக்களப்பில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர் சொன்னதும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள கிராமங்களுக்கு மாதந்தோறும் நூல்களைக் கொண்டுசெல்லும் யோசனை அந்தக் கணமே கைவிடப்பட்டது.

எந்த வாகனம், எந்த நாள், யார் பொறுப்பு என்று எவரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையசைத்தார்கள்.

ஒரு காரியம் தேவையா, அதற்குப் பணம் உண்டா என்பவற்றை 'லொஜிஸ்டிக்கலி' என்ற அந்த வினையடை தொடுவதேயில்லை. ஆட்களையும் பொருட்களையும் உரிய இடத்தில் உரிய நேரத்துக்குச் சேர்க்கும் ஏற்பாட்டளவில் என்பது மட்டுமே அதன் பொருள். படைகளை நகர்த்துவதையும் தங்கவைப்பதையும் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்கலைப் பேச்சில் பரவிய 'லொஜிஸ்டிக்ஸ்' என்ற பெயர்ச்சொல்லின் வழி வந்தது அது. விவரம் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்களுக்கான சொல்.

நம் ஊரிலேயே பொருத்தமான உதாரணம் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, வாவியின் மறுகரையில் கண்ணுக்குத் தெரிந்த ஊர்கள்கூட லொஜிஸ்டிக்கலி தொலைவில்தான் இருந்தன; நெல் மூட்டையானாலும் நோயாளியானாலும் 'பாதை' எனப்படும் படகுக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் நெடுந்தூரம் சுற்றிவர வேண்டும்.

பெரும்போக அறுவடையின்போது உழவு இயந்திரங்களும் லொறிகளும் நெல்லோடு ஓடுவதால் வாகனம் பிடிப்பது கடினம் என்று கூட்டத்தில் அவர் சொல்லியிருந்தால், நானும் ஒப்புக்கொண்டு, அறுவடை முடிந்து ஏப்ரலில் தொடங்கலாமே என்று கேட்டிருப்பேன்.