எந்த அடிமானத்தில் எதிர்மடக்கை?

ஓர் எண்ணைப் பெற அடிமானத்தை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ, அதுவே அந்த எண்ணின் மடக்கை (log). அதைத் திருப்பி எதிர்மடக்கை (antilog) காண்பது என்பது, அடிமானத்தைக் கொடுக்கப்பட்ட எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவதுதான். ஆனால் அடிமானம் எது என்று கேட்காமலே கணக்கைத் தொடங்கி நான் பலமுறை தவறியிருக்கிறேன். 2.3010 என்ற ஒரே எண்ணுக்கு, அடிமானம் 10 எனில் எதிர்மடக்கை ஏறத்தாழ 200. இயல் மடக்கையின் அடிமானமான 2.71828 எனில் 9.98, 2 எனில் வெறும் 4.93.

கையில் 10-அடிமான அட்டவணை மட்டும் இருந்தாலும் போதும். அடிமானம் 2-இல் 10-இன் எதிர்மடக்கை வேண்டுமென்றால், 10-ஐ 2-இன் 10-அடிமான மடக்கையான 0.3010-ஆல் பெருக்கி, கிடைக்கும் 3.010-க்கு அட்டவணையில் 10-அடிமான எதிர்மடக்கை காணலாம். விடை 1023.3 என்று வரும். சரியான விடை 1024. நான்கு தசம இடங்களோடு நிறுத்தியதன் விளைவு இது. 0.30103 என்று எடுத்தால் 1024 வந்துவிடுகிறது. அடுக்கில் நேரும் மிகச் சிறிய பிழைகூட விடையில் பெருகி நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு கணக்கை நான் அறியேன்.

குறை எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். −1.6990-ஐ அப்படியே அட்டவணையில் தேட முடியாது. அதை −2 + 0.3010 என்று மாற்றி எழுதி, தசமப் பகுதிக்கு உரிய 2-ஐ எடுத்து, −2-க்காக 100-ஆல் வகுத்தால் 0.02 கிடைக்கும்.