கொண்டையன் தானாகக் கூண்டுக்குப் போகிறான்

வீட்டுக்குள் பறவையைத் திறந்துவிட்டு வளர்ப்பவர்களுக்கு நம் ஊரில் பூனையைவிடப் பெரிய ஆபத்து மின்விசிறிதான். எங்கள் வீட்டுப் பறவை கொண்டையன் கூண்டுக்கு வெளியே இருக்கும்வரை எங்கள் கூடத்து விசிறி சுற்றக் கூடாது. மதுரையின் சித்திரை வெயிலில், விசிறி இல்லாமல் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ரவிக்கைக்கு அளவு வெட்டிப் பார்த்தவர்களுக்கு, ஒரு பறவை நேரத்துக்குக் கூண்டுக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போயிருக்கும்போது பறவையைத் திறந்துவிடுபவர்கள் விசிறியின் சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பி வருவது நம்மைக் கேட்டுக்கொண்டு இல்லை.

கொண்டையன் ஒரு காக்டீல். பூர்வீகம் ஆஸ்திரேலியா. கக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறிய பறவை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் கொண்டை. அக்காள் மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது கூண்டோடு என்னிடம் விட்டுப் போனாள். "சித்தி, வெளியே விட்டால் இவன் திரும்ப உள்ளே போகவே மாட்டான். விளக்கை அணைத்துவிட்டுத் துண்டைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்" என்றாள்.

பறவை வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் வழக்கம். இருட்டில் அது பறக்கத் தயங்கும் என்பதால் வேலையும் முடிந்துவிடும். ஆனால் கிளி இனம் வேட்டையாடும் இனம் அல்ல, வேட்டையாடப்படும் இனம். பருந்து மேலிருந்துதான் வரும். மேலிருந்து இறங்குகிற கையைப் பார்த்தாலே அதன் உடம்பு ஓடச் சொல்லும். அதிலும் காக்டீல்கள் இருட்டில் திடுக்கிட்டால் கூண்டுக்குள்ளேயே படபடவென்று மோதிச் சிறகை முறித்துக்கொள்ளக் கூடியவை. துண்டு போட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு இரவும், மறுநாள் பிடிப்பதை இன்னும் கடினமாக்குகிறது. நான் துண்டைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சிறுவயதில் கோயில் வீதிகளில் கிளி ஜோசியர்களைப் பார்த்திருக்கிறேன். சிறிய மரக் கூண்டின் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வரும், சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளி ஒன்றை எடுத்துக் கொடுக்கும், ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு திரும்பிக் கூண்டுக்குள் போய்விடும். சீட்டில் என்ன வந்தது என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கோ அது திரும்பிப் போவதுதான் ஆச்சரியம். அந்தச் சிறகுகள் நறுக்கப்பட்டிருந்ததன் பொருள் வளர்ந்த பிறகே புரிந்தது. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தது செய்தித்தாள்களில் வந்தது. ஆகவே வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் பயிற்சி முறை எதுவும் இல்லை. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்த ஒற்றை நெல்மணியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

கொண்டையனுக்கு நெல் பிடிக்காது. தினைக்கதிர் என்றால் உயிர். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கதிரைக் கொத்த வரும் கிளிகளை ஆலோலம் பாடி விரட்டிய வள்ளியை நினைத்துக்கொள்வேன். அவள் எந்தக் கதிரிலிருந்து கிளியை விரட்டினாளோ அதே கதிரைக் காட்டித்தான் நான் கூப்பிடுகிறேன். தினசரிக் கிண்ணத்திலிருந்து தினையை எடுத்துவிட்டேன். கம்பு, சாமை, கீரை, காரட் எல்லாம் வழக்கம்போல உண்டு. தினை மட்டும் பயிற்சியின்போது, என் கையிலிருந்து. பட்டினி போட்டுப் பழக்குவது கூடவே கூடாது. நூறு கிராம்கூடத் தேறாத உடம்பு அது. மாலைத் தீனிக்குச் சற்று முன்பு, இயல்பாகவே பசி எடுக்கும் நேரம் போதும்.

முதலில் ஒரு மூங்கில் குச்சி. கூண்டுக்குள் அவன் இருக்கும்போதே அதன் நுனியை நீட்டுவேன். அலகால் தொட்ட அந்த நொடியில் நாக்கால் ஒரு சொடுக்கு, உடனே சிறிது தினை. இந்தச் சொடுக்கு முக்கியம். தினையை எடுத்து நீட்டுவதற்குள் அவன் வேறு நான்கு காரியம் செய்துவிடுவான். எதற்காகக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே, அதை அந்த ஒலி சொல்கிறது. குச்சியைத் தொடுவது பழகியதும் அதை நகர்த்தினேன். கூண்டின் கூரை, கதவின் விளிம்பு, உள்ளே முதல் கொம்பு, பிறகு ஆழத்தில் இருக்கும் கொம்பு. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள்தான். கொண்டை தலையோடு படிந்து 'ஸ்ஸ்' என்று சீறினால் அன்றைக்கு அவ்வளவுதான். கொண்டை விறைத்து நிமிர்ந்தால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறான். பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் தொடரலாம்.

உள்ளே போனதும் கதவைச் சாத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சாத்தாதீர்கள். பறவை நன்றாகக் கணக்குப் பார்க்கும். உள்ளே போன உடனே ஆட்டம் முடிகிறது என்று கண்டுகொண்டால், தினையைப் பார்த்துக்கொண்டே கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். நான் பகலில் பல தடவை கூப்பிடுகிறேன். அவன் உள்ளே போவான், தின்பான், திறந்த கதவு வழியே மறுபடி வெளியே வருவான். பெரும்பாலான தடவை கதவு திறந்தேதான் இருக்கும். கதவை அசைப்பதற்கும் தனியாகப் பழக்கினேன். கொஞ்சம் ஆட்டித் தினை, பாதி சாத்தித் தினை, முழுவதும் சாத்தி உடனே திறந்து தினை. பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டினேன். இன்று கதவு நிஜமாகவே சாத்தப்படுகிறதா என்பது அவனுக்குப் பெரிய செய்தி இல்லை.

கூப்பிடும் சொல் "வீட்டுக்கு". ஒரே ஒரு முறைதான் சொல்வேன். வரவில்லை என்றால் மீண்டும் மீண்டும் கத்துவதில்லை. கத்தக் கத்த அந்தச் சொல் வெறும் சத்தமாகிவிடும். கொஞ்ச நேரம் பேசாமல் நூல்கண்டு சுற்றிவிட்டு, குச்சியை எடுத்துத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். தையல் வீட்டில் இதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. கீழே கிடக்கும் நூல் துணுக்கு பறவையின் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். "அக்கா, புடவைக்கு ஃபால்ஸ் வைத்தாயிற்றா?" என்று வாசலில் குரல் கேட்டால், கதவைத் திறப்பதற்கு முன் நான் சொல்வது "வீட்டுக்கு" என்பதுதான்.

அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டியதைப் பலரும் படித்திருப்பீர்கள். 2007-இல் இறந்தது. பயிற்சியில் அலுப்புத் தட்டினால் அது தன் இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று வாய்விட்டே கேட்குமாம். எனக்கு அதன் அந்தத் திறமையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கூண்டு அதற்கு ஓய்வெடுக்கும் இடமாக இருந்திருக்கிறது. கூண்டு அப்படி இருக்க வேண்டுமானால் பெரிதாக இருக்க வேண்டும், சுவரை ஒட்டி இருக்க வேண்டும், சமையலறைக்கு அருகில் இருக்கவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

ஜன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறேன். இருந்தும் ஒரு நாள் வெளியே போய்விட்டால் என்ன என்ற கவலை உண்டு. மிரண்ட பறவை மேலே மேலே போய் உயரமான மரத்தில் உட்கார்ந்துவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததற்கு அந்த உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கத் தெரியாது. கூப்பிடும் குரல் கேட்டாலும் வர வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். அதனால் இப்போது எங்கள் வீட்டு உள் மாடிப்படியில் பழக்குகிறேன். கீழே கூண்டு, மேலே படியில் அவன். பாதிப் படிவரை உயர்த்தினால் சுலபமாக இறங்கி வந்துவிடுகிறான். அதற்கு மேல் போனால் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஒரு படி கீழே இறக்கிவைத்து மறுபடி கூப்பிடுகிறேன்.