யெர்செகேயில் மட்டிக்கு எத்தனை பங்காளிகள்!

நெதர்லாந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் அங்கிருந்து தெற்கே ஸீலாந்து மாகாணத்துக்கு ரயில் ஏறினேன். மட்டி (மஸ்ஸல்) வளர்ப்பு, சிப்பி (ஆய்ஸ்டர்) வளர்ப்பு பற்றி எதைப் படித்தாலும் கண்ணில் படுகிற ஊர் யெர்செகே. மட்டிக்கென்றே ஏலக்கூடம் உள்ள ஒரே ஊர் உலகத்தில் தங்களுடையதுதான் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். மனிதன் வளர்க்கும் மட்டியைத் தின்ன நட்சத்திர மீன், நண்டு, வாத்து, நத்தை என்று ஒரு கூட்டமே காத்திருக்கும்போது இந்த ஊர் நூறாண்டுகளுக்கு மேலாக எப்படிப் பிழைத்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஊர் சின்னதுதான். ஒரு பக்கம் வீடுகள், நடுவில் உயரமான கரை, அதற்கு அப்பால் ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கடற்கழி. துறைமுகத்தில் நிற்கும் மட்டிப் படகுகளின் முகப்பில் ஒய்.இ. என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கும். ஆழமில்லாத நீரில் ஓடுவதற்காகத் தட்டையான அடிப்பாகம் வைத்துக் கட்டியவை. பக்கவாட்டில் கடலடியை வாரி எடுக்கும் இரும்பு வாரிகள் தொங்குகின்றன.

இந்தக் கழி இன்று உப்பு நீராக இருப்பதே ஒரு போராட்டத்தின் பலன். 1953 வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்த பிறகு, கழிமுகங்களை ஒவ்வொன்றாக அணை போட்டு அடைக்கும் திட்டம் வந்தது. ஓஸ்டர்ஸ்கெல்டேயும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடைத்திருந்தால் ஏற்றமும் வற்றமும் நின்று நீர் நன்னீராகி, மட்டியும் சிப்பியும் அடியோடு போயிருக்கும். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் 62 இரும்புக் கதவுகள் கொண்ட தடுப்பைக் கட்டி 1986-இல் திறந்தார்கள். கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும், பெரும்புயல் வந்தால் மட்டும் மூடும். மீன்வளத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு நாடு தன் அணையின் வடிவத்தையே மாற்றியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

மறுநாள் காலை ஒரு மட்டிப் படகில் போக இடம் கிடைத்தது. படகுக்காரர் அறுபதைத் தாண்டியவர், அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே தொழில் செய்தவர்கள். "நாங்கள் மட்டிக்கு ஒரு வாய் தீவனம்கூடப் போடுவதில்லை. அதைச் சரியான இடத்தில் வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை" என்றார். மட்டி நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றுகொள்ளும். கடலடியில் அரசிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் விதை மட்டியை, அதாவது குஞ்சு மட்டியை, தூவுகிறார்கள். வளர வளர அள்ளி வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் சதை நன்றாகப் பிடிக்கும், ஆனால் புயலில் அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கமான இடத்தில் பத்திரமாக இருக்கும், ஆனால் வளர்ச்சி மந்தம். இப்படி இடம் மாற்றி மாற்றி விற்பனைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும்.

வேலி போட முடியாத வயல் இது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வாரியை மேலே தூக்கித் தளத்தில் கொட்டியதும் அதைக் கண்ணால் பார்த்தேன். நீலக் கருப்பு மட்டிகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் நட்சத்திர மீன்கள், சில தன் இரையை இன்னும் அணைத்தபடியே. அது தாக்கும் முறை பயங்கரமானது. கைகளின் அடியிலுள்ள குழாய்க் கால்களால் ஓட்டின் இரு பக்கமும் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். மட்டி களைத்துப்போய்ச் சிறிது திறந்தால் போதும், நட்சத்திர மீன் தன் இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளி அந்த இடுக்கில் நுழைத்து, ஓட்டுக்குள்ளேயே மட்டியைச் செரித்துவிடும். கூட்டமாக வந்தால் ஒரு வயலையே காலி செய்துவிடும்.

நட்சத்திர மீனை வெட்டிக் கடலில் எறிவதில் பயனில்லை. உடலின் நடுத்தட்டின் ஒரு பகுதியோடு தப்பிய துண்டு மறுபடி வளர்ந்துவிடும். அதனால் நீண்ட பருத்தி இழைகள் கட்டிய சட்டம் ஒன்றைக் கடலடியில் இழுக்கிறார்கள், அதன் முள்தோல் இழையில் சிக்கிக்கொள்ளும், மேலே எடுத்துக் கொதிநீரில் முக்கிவிடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொரு வழி. நட்சத்திர மீனுக்கு உப்புக் குறைந்த நீர் ஆகாது. மட்டியோ ஓட்டை இறுக மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். ஆகவே நன்னீர் வந்து கலக்கும் பக்கத்தில் வயல் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். எதிரியின் பலவீனம் தெரிந்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான மேலாண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்டுக்குக் கணக்கு வேறு. அதன் இடுக்கி குஞ்சு மட்டியை எளிதில் உடைக்கும், தடித்த ஓட்டிடம் தோற்கும். வளர்ந்துவிட்டால் தப்பித்தது. ஆனால் இப்போது விதை மட்டியில் ஒரு பகுதியைக் கடலடியிலிருந்து அள்ளுவதில்லை. வசந்தத்தில் நீரில் கயிறும் வலையும் தொங்கவிட்டு, மிதந்து வரும் இளம்பருவத்தை அதில் ஒட்டவைத்துச் சேகரிக்கிறார்கள். தொங்கிக்கொண்டே வளர்ந்ததால் அதன் ஓடு மெல்லிசு. வயலில் தூவினால் நண்டுக்குக் கொண்டாட்டம்.

அப்படியென்றால் பழையபடி அள்ளலாமே என்று கேட்டேன். படகுக்காரர் வடக்குப் பக்கம் கை காட்டினார். விதையின் தாய்வீடு, நாட்டின் வடக்குக் கரையை ஒட்டிய ஆழமில்லாத வாடன் கடல். அதன் கதையில்தான் பறவைகள் வருகின்றன.

ஐடர் வாத்து முங்கி மட்டியை ஓட்டோடு விழுங்கி, தன் அரைவைப் பையிலேயே நொறுக்கிவிடும். சிப்பிபிடிப்பான் என்ற கருப்பு வெள்ளைப் பறவை, வற்று நேரத்தில் சேற்றுத் திட்டில் நடந்து, சேற்றில் புதைந்து வாழும் கிளிஞ்சலையும் மட்டியையும் நீண்ட அலகால் குத்தித் திறக்கும். 1990-ஐ ஒட்டிய வருடங்களில் வாடன் கடலில் மட்டிப் படுகைகள் ஏறக்குறைய முழுவதும் வாரப்பட்டன, பறவைகள் பட்டினியில் செத்தன. 1993-இல் அரசு சில திட்டுகளில் வாருவதை நிரந்தரமாகத் தடுத்தது. இரை குறைந்த வருடத்தில் பறவைகளின் உணவுத் தேவையில் 60 சதவீதத்தை அவற்றுக்கே ஒதுக்கி வைப்பது என்றும் முடிவு செய்தது. ஆனாலும் 1999-2000 குளிர்காலத்தில் சுமார் 21,000 ஐடர் வாத்துகள் இறந்தன.

கணக்கு எங்கே பிசகியது என்பதுதான் நான் இந்தப் பயணத்தில் கற்ற பெரிய பாடம். ஒரு பறவை எவ்வளவு தின்கிறது என்பதை மட்டும் அளந்து அதை ஒதுக்கினால் போதாது. திட்டில் இருக்கும் மட்டியெல்லாம் அதன் வாய்க்கு எட்டாது. சில மிகச் சிறியவை, சில ஆழத்தில் இருப்பவை, நல்ல இடத்தைப் பலசாலிப் பறவை பிடித்துக்கொண்டிருக்கும். தின்பதைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் பட்டினி இல்லாமல் குளிர்காலம் கழியும் என்று ஆய்வாளர்கள் பின்னால் கண்டறிந்தார்கள். 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம், கிளிஞ்சல் பிடிக்க உரிமம் கொடுக்கும் முன் இயற்கைக்கு வரும் பாதிப்பை முறையாக ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005 முதல் வாடன் கடலில் இயந்திரத்தால் கிளிஞ்சல் வாருவதே நின்றது. பிடித்து வந்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. 2008-இல் மட்டித் தொழிலும் இயற்கை அமைப்புகளும் அரசும் உட்கார்ந்து பேசி, கடலடியில் விதை வாருவதைப் படிப்படியாகக் குறைத்துக் கயிறுக்கு மாறுவதாக ஒப்பந்தம் போட்டன.

படகுக்காரருக்கு இதில் மனக்குறை உண்டு. கயிறு, மிதவை, ஆள் என்று செலவு ஏறிவிட்டது, நண்டுக்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. அவர் வருத்தம் நியாயமானது. இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தின் பக்கம்தான் நான். நட்சத்திர மீனை விரட்டலாம். பறவைக்குரிய பங்கை வைத்துவிட்டுத்தான் நம் பங்கை எடுக்க வேண்டும்.

கரை திரும்பியதும் சிப்பிக் குளங்களைப் பார்க்கப் போனேன். கரையோரம் செங்கல் கட்டி மதகு வழியாகக் கடல்நீரை விட்டுச் சிப்பியை உயிரோடு வைத்திருக்கும் பழைய தொட்டிகள். 1962-63 குளிர்காலத்தின் கடுங்குளிர் இங்கிருந்த தட்டைச் சிப்பியில் பெரும்பகுதியைக் கொன்றது. அதற்குப் பதிலாக 1964-இல் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். அது காட்டுத்தனமாகப் பெருகி இன்று திட்டுகளில் பாறைபோல் படர்ந்திருக்கிறது. அப்புறம் 2007-இல் ஜப்பானியத் துளை நத்தை தென்பட்டது. அமிலத்தைச் சுரந்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டி, ஓட்டில் துளை போட்டுச் சதையைத் தின்னும் பிராணி. அதன் குஞ்சு நீரில் மிதந்து பரவுவதில்லை, முட்டை உறையிலிருந்து நேராக நத்தையாகவே வெளியே வரும். அதனால் அது தூர இடத்துக்குப் போவது பெரும்பாலும் மனிதன் சிப்பியை இடம் மாற்றும்போதுதான். ஓர் இடத்துச் சிப்பியைக் கழுவிப் பார்க்காமல் இன்னோர் இடத்தில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வளர்ப்பவர்கள் பலர் இப்போது இரும்பு மேசைகளில் பைகளில் போட்டுச் சிப்பியைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டார்கள். உழைப்பு அதிகம், ஆனால் நத்தை ஏறுவது கடினம்.

போக நினைப்பவர்களுக்கு: க்ரைனிங்கன்-யெர்செகே நிலையத்தில் இறங்கிச் சைக்கிளில் வடக்கே போனால் ஊர் வந்துவிடும். மட்டிப் பருவம் பொதுவாக ஜூலையில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை நீளும். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் நன்றாக வற்றும் நேரத்துக்குக் கரைக்குப் போங்கள். சிப்பி மேசைகளும் அவற்றைச் சுற்றி மேயும் சிப்பிபிடிப்பான்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தொலைநோக்கி அவசியம் கொண்டுபோங்கள், திட்டுக்குள் இறங்கிப் பறவைகளைக் கலைக்காதீர்கள்.