நாக்ஸ்வில் மண்ணும் சனிக்கிழமை இரவும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் நாக்ஸ்வில் ரொம்பச் சின்ன ஊர், எட்டாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஆகஸ்டில் நேஷனல்ஸ் என்னும் ஸ்பிரிண்ட் கார் பந்தயம் வந்துவிட்டால் ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு கூட்டம் அங்கே வந்து இறங்கும். 1961இல் தொடங்கிய பந்தயம் இது. ஸ்டீவ் கின்சர் என்ற ஓட்டுநர் மட்டும் 12 முறை ஜெயித்திருக்கிறார்!

பந்தயத் தடத்தில் தார் கிடையாது, வெறும் கறுப்புக் களிமண். அரை மைல் நீள்வட்டத்தை ஸ்பிரிண்ட் கார்கள், அதாவது மண்தடத்தில் ஓடும் சின்ன, சக்திவாய்ந்த பந்தயக் கார்கள், 15 நொடி வாக்கில் சுற்றி வந்துவிடும், அதுவும் திருப்பத்தில் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே. வலது பின்டயர் இடதைவிடப் பெரியது, அதனால்தான் கார் தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அப்புறம், இந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து தள்ளித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். எனக்கு அந்த நிமிடம்தான் ரொம்பப் பிடிக்கும், எரிபொருளான மெத்தனாலின் வாசனை மூக்கில் ஏறும், நெஞ்சுக்கூடு அதிரும்.

மாலையில் ஈரமாக இருக்கும் மண் ராத்திரி ஆக ஆகக் காய்ந்து வழுக்கும், பிடிமானம் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல ஓட்டுநர், சிலர் வெளிச்சுவரை உரசுகிற அளவுக்கு மேலே போவார்கள்.

வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் குடும்பத்தோடு கொட்டகையில் காரைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் இங்கே நிறைய. பந்தயம் முடிந்ததும் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிட் பக்கம் போங்கள். முகமெல்லாம் மண்ணோடு நின்று குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.