ஐபெர்ஃப்3 சோதனைக்கு ஓர் அமைப்புக் கோப்பு

வலையமைப்பின் வேகத்தை அளக்க நான் நம்பும் ஐபெர்ஃப்3 கருவிக்கெனத் தனி அமைப்புக் கோப்பு கிடையாது. ஆகவே சர்வர் முகவரி, நேரம், ஒரே நேரத்தில் ஓடும் இணை இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சிறு உரைக் கோப்பில் மாறிகளாக எழுதிவைத்து, ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) அதைப் படித்துக் கருவியை இயக்கும்படி செய்திருக்கிறேன். கருவி இயல்பாகப் பயன்படுத்தும் போர்ட் (சர்வரில் இணைப்பு சேரும் வாயில் எண்) 5201 அப்படியே இருக்கட்டும். நேரத்தை மட்டும் அவசியம் கூட்டுங்கள்: இயல்பான 10 விநாடியில், டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து அனுப்பும் நெறிமுறை) மெல்ல வேகமெடுக்கும் தொடக்கக் கட்டமும் சராசரியில் கலந்துவிடும் என்பதால், 30 விநாடி ஓடவிட்டு, முதல் சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்காத தெரிவையும் கோப்பில் எழுதினால்தான் அளவீட்டை நம்ப முடியும். அப்படி உறுதிசெய்யாமல் அனுப்பும் யுடிபி நெறிமுறையின் சோதனைக்கு இலக்கு வேகத்தைக் குறிப்பிடாவிட்டால், கிகாபிட் இணைப்பிலும் கருவி நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். பதிவிறக்கத்தை அளக்க, சர்வரே தரவை அனுப்பும் ரிவர்ஸ் தெரிவுக்கும் ஒரு மாறி ஒதுக்குங்கள்.