ஃப்ரீலேண்டர் 1: விஸ்கஸ் கப்ளிங்கை வீட்டிலேயே சோதித்தது

இங்கிலாந்தில் லேண்ட் ரோவரின் நான்கு சக்கர இழுவை வண்டியான பழைய ஃப்ரீலேண்டர் 1 (1997–2006) வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது, முன்னாலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்றுதான். கப்ளிங் இறுகிப்போன வண்டிகளில் பலர் ஷாஃப்டையே கழற்றிவிட்டு, முன்சக்கர இழுவையில் மட்டும் ஓட்டுகிறார்கள். என் வண்டியில் ஷாஃப்ட் இருந்தது. கப்ளிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஷாஃப்டின் நடுவே உள்ள சீல் செய்த உருளைதான் கப்ளிங். உள்ளே நெருக்கமாக அடுக்கிய தட்டுகளும் கெட்டியான சிலிக்கோன் திரவமும் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாகத் தட்டுகள் முன் ஷாஃப்டோடும் பின் ஷாஃப்டோடும் சுழலும். முன், பின் வேகம் சற்று மாறினால் திரவம் நழுவ விடும், வித்தியாசம் அதிகமானால் பிடித்து இழுவையைப் பின்னுக்கு அனுப்பும். வயதாக ஆக இது இறுகும். அப்புறம் அந்தச் சுமை முன்னால் ஷாஃப்டுக்குச் சுழற்சி தரும் கியர் பெட்டியான ஐ.ஆர்.டி. மேலும், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியல் மேலும் ஏறும். அவை உடைந்தால் செலவு பெரிது.

சோதனைக்குச் சமதளம் வேண்டும். வண்டி முதல் கியரில், எஞ்சின் அணைத்து, தரையில் இருக்கும் மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில்தான் பிடிக்கும், அதனால் அதை விடுவிக்க வேண்டும். கட்டைகளை நன்றாக இறுக்கி வையுங்கள். சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே கூடாது, தரையில் இருக்கும் முன்சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துவிடும்.

தூக்கிய சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் நட்டில் 1.2 மீட்டர் பார், நுனியில் 5 கிலோ எடை. நட் இறுகும் திசையில் பார் இறங்கும்படி மாட்டினேன். 45 டிகிரி மேலிருந்து கிடைமட்டத்துக்கு வர எத்தனை நொடி என்பதுதான் அளவு; நேரம் கூடக் கூட கப்ளிங் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பின் டிஃபரன்ஷியல் விகிதம் சுமார் 3.2. மறுபக்கச் சக்கரம் நிற்பதால், இந்த 45 டிகிரிக்குக் கப்ளிங் ஏறத்தாழ 72 டிகிரி நழுவ வேண்டும். முதலில் பார் சட்டென்று கொஞ்சம் இறங்கும், அது பற்களுக்கு இடையிலான ஆட்டம். அது தீர்ந்த பிறகே ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும்.

உருளை 12 டிகிரி செல்சியஸில் இருந்தபோது ஏறக்குறைய 45 நொடி. சீராக, நிற்காமல் இறங்கியது, மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எம்1 நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து உடனே செய்தபோது பாதி நேரம்கூட ஆகவில்லை. சூட்டில் திரவம் இளகுகிறது. ஆகவே வெப்பநிலையைக் குறிக்காமல் நொடியை மட்டும் சொல்வதில் பயனே இல்லை.

ஆனால் அந்தச் சூடு உறுத்தியது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உருளையில் 60 டிகிரி காட்டியது. டயர்களை அளந்தேன். முந்தைய உரிமையாளர் முன்னால் புது டயர் போட்டிருக்கிறார், தடம் 8 மில்லிமீட்டர். பின்னால் 3 மில்லிமீட்டர். 215/65 ஆர்16 டயரின் ஆரம் சுமார் 343 மில்லிமீட்டர், அதில் 5 என்பது கிட்டத்தட்ட 1.5 சதவீதம். இந்த வண்டியில் முன், பின் கியர் விகிதத்திலேயே ஏறத்தாழ 0.8 சதவீத வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். முன்னால் பெரிய டயர் வந்தால் இரண்டும் கூடி 2.3 ஆகிவிடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றுகிறது, அதில் சுமார் 60 சுற்று கப்ளிங்குக்குள் ஓயாமல் நழுவிக்கொண்டிருக்கும்.

இந்த வண்டிக்குப் புது டயர் பின்னால்தான் போக வேண்டும். சக்கரங்களை முன்பின் மாற்றினேன், காசு செலவே இல்லை. அதே சாலையில் அதே தூரம் போய் வந்ததும் உருளை 40 டிகிரிதான். குளிர்ந்த நிலை நேரம் மாறவில்லை.

அடுத்து நான்கும் ஒரே மாதிரி டயர் போட வேண்டும். அதற்குப் பிறகு 12 டிகிரிக்குப் பக்கமாக இருக்கும் ஒரு காலையில் மறுபடி நேரம் எடுத்து, இதன் கீழேயே எழுதுகிறேன்.