ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்

வக்கீலாகப் பதிவு செய்து, கறுப்பு கவுனின் மடிப்புகூடக் கலையாத முதல் மாதம். சீனியர் இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "ரத்த உறவுக்குள்ள தப்பு நடந்தா என்ன செக்‌ஷன்? சாயங்காலம் வந்து சொல்லு" என்றார்.

511 பிரிவுகளையும் புரட்டினேன். அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்தால் தண்டனை இருந்தது (அன்றைக்கு இருந்தது). மாட்டைக் கொன்றால் தண்டனை இருந்தது. கள்ள எடைக்கல் வைத்திருந்தால்கூட இருந்தது. நெருங்கிய ரத்த உறவுக்குள் உடலுறவு, இது மட்டும் கண்ணில் படவேயில்லை. எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம் என்று பயந்துகொண்டே போய் நின்றேன். "இல்லைங்கிறதுதான்மா பதில்" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். அந்தச் சட்டம் 1860இல் வந்தது. அப்போது வெள்ளைக்காரன் ஊரிலேயே இது சாதாரண கோர்ட்டுக்கு வருகிற குற்றம் கிடையாது. சர்ச் கோர்ட் பார்த்துக்கொள்கிற பாவம். இங்கிலாந்தில் இதைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் போட்டதே 1908இல்தான். இலங்கையில் 1995இல் தண்டனைக் கோவையைத் திருத்தி 364அ என்று ஒரு தனிப்பிரிவையே சேர்த்தார்கள். நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 358 பிரிவுகளிலும் அந்தப் பெயரில் ஒரு குற்றம் இல்லை. உறவுக்காரர் செய்த வன்முறை என்றால் தண்டனை கூடும், அது உண்டு. உறவு மட்டுமே குற்றமாகிற பிரிவு கிடையாது.

சட்டத்தில்தான் இல்லை என்றால், நம் பேச்சிலும் இதற்குச் சரியான சொல் இல்லை. பத்திரிகைக்காரர்கள் 'தகாத உறவு' என்று எழுதுவது பெரும்பாலும் வேறு சமாச்சாரம். ஊரில் இதைச் சொல்லவேண்டி வந்தால் "முறை கெட்டுப் போச்சு" என்பார்கள். முறை என்றால் உறவு. "அவரு உனக்கு என்ன முறை வேணும்?" முறை என்றால் ஒழுங்கும்தான், நீதியும்தான். போலீசுக்குப் போனால் அது முறையீடு. ஒரே சொல்லுக்குள் இத்தனையையும் வைத்திருப்பது அழகுதான். ஆனால் அதே சொல் எப்படிக் காலை வாரும் என்பதைப் பின்னால் பார்த்தேன்.

முதல் சில வருடங்கள் எனக்குக் கல்யாணக் கேஸ்கள்தான். அங்கே முறை என்றால் பட்டியல். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தை அப்படியே படித்தால் தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணம் செல்லாதோ என்று பயம் வந்துவிடும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் எல்லாமே தடை செய்யப்பட்ட உறவில் வருகிறார்கள். காப்பாற்றுவது 'வழக்கம் அனுமதித்தால் தவிர' என்கிற ஒரு வாசகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொந்தத்தில் கட்டிக்கொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம். இவ்வளவு பேரும் அந்த ஒற்றை வாசகத்தில் நிற்கிறார்கள். எழுதிய சாஸ்திரத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கு எடை அதிகம் என்று 1868இலேயே, அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது ராமநாதபுரம் ஜமீன் கேஸில் என்பதை சீனியர் சொந்தக்காரர் சாதனை மாதிரிப் பெருமையாகச் சொல்வார். அதற்கும் வெகு காலம் முன்பே பௌதாயன தர்ம சூத்திரம், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது தெற்கத்தியார் வழக்கம் என்று குறித்து வைத்திருக்கிறது. அது சரியா தப்பா என்ற சண்டையும் அன்றைக்கே இருந்திருக்கிறது.

வழக்கமும் இல்லாமல் தடையை மீறிக் கட்டிக்கொண்டால் என்ன தண்டனை? அதிகபட்சம் ஒரு மாதம் சாதாரணச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கல்யாணம் செல்லாது, அவ்வளவுதான்.

ஒரு ஜோடி நன்றாக நினைவிருக்கிறது. பையன் இந்து. பெண் அவனுடைய சொந்த மாமன் மகள்; மாமா காலேஜ் காலத்திலேயே கத்தோலிக்கராக மாறிவிட்டவர். மதம் வேறு என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியலாம் என்று போனார்கள். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆணுக்கு ஆகாத உறவுகள் 37. கடைசி எண்ணில் உட்கார்ந்திருக்கிறாள் அம்மாவின் சகோதரன் மகள். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கவேண்டுமானால் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்கவேண்டும். பையனின் அம்மா ஆபீசிலேயே, "பொறந்தப்பவே இவனுக்கு இவதான்னு பேசி வச்சது. இதுல கவர்மெண்டுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கும் பதில் இல்லை.

கடைசியில் சர்ச்சில்தான் வழி கிடைத்தது. பங்குத்தந்தை ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் மேலே தாத்தா பாட்டிக்கு ஒரு வட்டம் போட்டார். இடப்பக்கம் கீழிறங்கி அம்மா, பையன். வலப்பக்கம் அப்பா, பெண். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாம் படி. நாலு வரைக்கும் தடை இருக்கு, ஆனா ஆயர் விலக்கு தரலாம்" என்றார். தாய்மாமன் அக்கா மகள் என்றால் மூன்று. அண்ணன் தங்கை என்றால் இரண்டு. அதற்கும், பெற்றவர் பிள்ளை என்கிற நேர்வரிசைக்கும் விலக்கே கிடையாது. மதம் வேறு என்பதற்குத் தனி விலக்கு. எல்லாம் வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது. பையனின் அம்மா முதல் வரிசையில் பட்டுப் புடவையோடு.

இன்னொரு முறை ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோய், சீர்ப் பணத் தகராறில் எங்களிடம் வந்தார்கள். பெண் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்க்கு உடம்புக்கு முடியாமல், பையனின் அம்மா சில மாதம் பால் கொடுத்திருக்கிறார். அந்தப் பால், இரண்டு பேரையும் அண்ணன் தங்கை ஆக்கிவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத், குர்ஆனின் நான்காம் அத்தியாயமான நிஸாவில் வரும் பட்டியலை மூச்சு விடாமல் சொன்னார்: தாய், மகள், சகோதரி, அத்தை, சித்தி, அண்ணன் மகள், அக்கா மகள், பால் கொடுத்த தாய், பால்குடிச் சகோதரி... மாமன் மகளைக் கட்டலாம், அக்கா மகள் ஹராம். எங்கள் வீட்டுப் பக்கத்தில் அக்கா மகளுக்குத்தான் முதல் உரிமை. நேர் தலைகீழ்.

இதெல்லாம் அப்போது எனக்கு சுவாரசியமான விஷயங்கள். மதத்துக்கு மதம் வேலி போடும் இடம் மாறுகிறதே என்று வியந்துகொண்டிருந்தேன். அப்புறம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர்ந்தேன். குழந்தைகள் மேல் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கான போக்சோ கேஸ்கள் வர ஆரம்பித்தன. அங்கே இந்தப் பட்டியல் ஒன்றும் உதவவில்லை. எல்லாப் பட்டியலும் மணமேடையில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று பேசுகிறது. எங்கள் கட்டுகளில் இருந்த விஷயம் மேடைக்கே வருவதில்லை.

2012ஆம் வருட போக்சோ சட்டம் இந்தக் குற்றத்துக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் ரத்த உறவு, தத்து, கல்யாண உறவு, ஒரே வீட்டில் குடியிருப்பவர் என்று வரிசையாகச் சொல்லி, இவர்களில் யார் குழந்தையிடம் இதைச் செய்தாலும் அதை மோசமான வகைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 வருடம். இந்தச் சட்டம் தாத்தா பாட்டிக்கு வட்டம் போட்டுப் படி எண்ணுவதில்லை. ராத்திரி அந்த வீட்டுக் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்று பார்க்கிறது. எனக்குத் தெரிந்து இதைச் சரியான இடத்தில் பிடித்த சட்டம் இது ஒன்றுதான்.

ஆனால் அதே 'முறை' இங்கேயும் வந்து நின்றது. நான் பார்த்த ஒரு கேஸில் பெண்ணுக்குப் பதினைந்து. தாய்மாமன் மேல் புகார். இரண்டாவது வாய்தாவுக்குள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வெள்ளை வேட்டியோடு சேம்பருக்கு வந்துவிட்டார்கள். "வேத்தாளா வக்கீலம்மா? முறைமாமன்தானே. பதினெட்டு ஆனதும் முடிச்சு வச்சுர்றோம்." குற்றமே அவர்கள் கண்ணில் ஒரு தேதிக் குழப்பமாகத்தான் தெரிந்தது. பெண் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். அதே ஆள் ஐந்து நிமிடம் முன்புதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தேதான் நடந்தது என்று வாதாடியிருந்தார்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டு வழக்குதான், பத்து வருட தண்டனை பெற்றவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். அதற்குள் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். சம்பவத்தின்போது அவளுக்குப் பதினாலு வயது என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. பெண் தன் வாழ்க்கையைக் கலைக்கவேண்டாம் என்றாள். தமிழ்நாட்டில் தாய்மாமனைக் கட்டும் வழக்கம் உண்டு என்பதையும் குறிப்பிட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இதை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்றும் எழுதியது. அந்தப் பெண்ணின் நிலைமையில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் வழக்கம் என்ற அந்த ஒரு வரியைத்தான் வெள்ளை வேட்டிகள் செல்போனில் காட்டுகிறார்கள். முன்மாதிரி இல்லை என்ற வரியை யாரும் காட்டுவதில்லை.

முறை என்று சொல்லி மழுப்ப முடியாத கேஸ் ஒன்று. அடையாளம் தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியே சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண். அவளுடைய டீச்சர் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்து வெளியே வந்தது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். எதிரி, அப்பா.

எங்கள் ஊர் கோர்ட்டுகளில் சாட்சி வாக்குமூலம் தொடங்குவதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு. அடிதடி, செக் மோசடி, கொலை எதுவானாலும் டைப்பிஸ்டின் விரல் தானாக அதில்தான் போய் நிற்கும்: "ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்." அந்தப் பெண் நீதிபதியின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் திரை. போக்சோ கேஸில் வக்கீல்கள் குழந்தையிடம் நேரே கேள்வி கேட்கக்கூடாது, நீதிபதிதான் கேட்கவேண்டும். அவர், "அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னு தெரியுமாம்மா?" என்றார். "எங்கப்பா." டைப்பிஸ்ட் பதினைந்து வருட சர்வீஸ்காரர். "ஆஜர் எதிரி என்னுடைய" வரை அடித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் 'அப்பா' என்று அடித்தார். வழக்கமாகத் 'தகப்பனார்' என்றுதான் அடிப்பார்.

அம்மா பிறழ் சாட்சியானார். "அப்படி ஒண்ணும் நடக்கலை, புள்ள கனவு கண்டுச்சு" என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மூன்றடுக்குத் தூக்குவாளியோடு வருவார். முதலில் எஸ்கார்ட் போலீஸிடம் கெஞ்சி, இரண்டு அடுக்கைக் கணவனுக்குக் கொடுத்துப் பார்ப்பார். சில நாள் விடுவார்கள், சில நாள் விரட்டுவார்கள். மீதி ஓர் அடுக்கு மகளுக்கு. பெண் தொட்டதில்லை. தெரிந்தும் புகார் கொடுக்காததற்கு அம்மா மேலேயும் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆறு மாதம் வரை தண்டனை. போலீஸ் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பெண்ணுக்கு ஒரு தம்பி உண்டு, ஐந்து வயது.

அவளைத் தங்கவைத்திருந்த இல்லத்தின் சிஸ்டர்தான் ஒரு நாள் என்னிடம் பைபிளில் சாமுவேல் இரண்டாம் புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். தாவீது ராஜாவின் மகன் அம்னோன், அப்பா வழியில் தங்கையான, வேறு தாய்க்குப் பிறந்த தாமாரைக் கெடுக்கிற கதை. லேவியராகமத்தின் தடைப் பட்டியல் எனக்குத் தெரியும், இது தெரியாது. அவள் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் சொல்வது, அவன் உன் சகோதரன், சும்மா இரு, மனதில் வைத்துக்கொள்ளாதே என்பது. ராஜாவுக்குக் கோபம் வருகிறது, ஆனால் மகனை ஒன்றும் செய்யவில்லை. "முப்பது வருஷமா சர்ச்சுக்குப் போறேன். இதை வச்சு ஒரு பிரசங்கம் கேட்டதில்லை" என்றார் சிஸ்டர். எங்கள் கேஸ் கட்டில் இருந்த எல்லாரும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தார்கள். தூக்குவாளி மட்டும்தான் இல்லை.

பெண்ணின் சாட்சியம் ஒன்றே போதும் என்று தண்டனை வந்தது. ஆயுள், அதாவது எஞ்சிய வாழ்நாள் முழுக்க. தீர்ப்பைக் கேட்க அவள் வரவில்லை, அன்றைக்குக் கணக்குப் பரீட்சை.

நிவாரணத் தொகையை அவள் பெயரில் போட உத்தரவானது. கணக்குத் தொடங்க சிஸ்டரும் நானும் அவளோடு வங்கிக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த பையன் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மைனர் அக்கவுண்டுக்கு கார்டியன் கையெழுத்து வேணும் மேடம். அப்பா இருக்காருல்ல? அவரு வந்து போட்டா வேலை சீக்கிரம் முடியும்" என்றான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். கோர்ட் உத்தரவு என் பையில் இருந்தது. அதை எப்படி முழுசாகப் பிரிக்காமல் அவனிடம் காட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"அப்பா வெளியூர்ல இருக்காருண்ணா."

சொல்லிவிட்டுப் பின்கோடு கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப ஆரம்பித்தாள்.